குளிசையை நிறுத்தலாமா?

நோயினால் விளையும் தீங்கு ஒன்று. நோயைப் பற்றிய அச்சத்தினால் விளையும் தீங்கு மற்றொன்று. 2020ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கொரோனாத் தொற்று உலகெங்கும் பரவியபோது, இரத்த அமுக்கத்துக்காக நாள்தோறும் குளிசை உட்கொண்டு வந்தோர் பலர், அக்குளிசையே தொற்றுக்கு வழி திறந்துவிடுமோ என்று கலங்கினர்.

அக்கலக்கம் முற்றிலும் காரணமற்றதன்று. உடலிலே அஞ்சியோடென்சின் என்னும் பொருள் இரத்தக் குழாய்களைச் சுருக்கி அமுக்கத்தை உயர்த்துகின்றது. எனலாப்பிரில் போன்ற மருந்துகள் அப்பொருள் உண்டாவதைத் தடுக்கின்றன. லொசாட்டன் போன்றவை அதன் வினையைத் தடுக்கின்றன. கொரோனா வைரசோ, கலங்களின் மேற்பரப்பிலுள்ள ஏ.சி.ஈ.-2 என்னும் புரதத்தைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகின்றது. இம்மருந்துகள் அப்புரதத்தைப் பெருக்கக்கூடும் என்று விலங்குகளிற் செய்த சில ஆய்வுகள் முன்னரே காட்டியிருந்தன. வாயில்கள் பெருகினாற் கள்வன் நுழைவதும் எளிதன்றோ என்று சிலர் வாதித்தனர். வேறு சிலரோ, அப்புரதம் நுரையீரலைக் காப்பது; ஆகவே மருந்தினால் நன்மையே விளையலாம் என்றனர்.

2020 மார்ச்சு மாதத்தில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள இதயநோய் வல்லுநர் சங்கங்கள், மருந்தை நிறுத்த வேண்டாம் என்று அறிவித்தன. ஆயினும், வாதத்தினால் தீராத வழக்கைச் சோதனையே தீர்க்க வல்லது.

அச்சோதனை பிறேசில் நாட்டில் நடைபெற்றது. இம்மருந்துகளை முன்னரே உட்கொண்டு வந்து, தொற்றுக் கடுமையாகாத நிலையில் வைத்தியசாலையிற் சேர்க்கப்பட்ட 659 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவினராக வகுக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் 30 நாள்களுக்கு மருந்தை நிறுத்தினர்; மற்றவர் தொடர்ந்தனர். முடிவு 2021 சனவரியில் வெளியாயிற்று. இறந்தோர் தொகை, நிறுத்தியவருள் நூற்றுக்கு 2.7, தொடர்ந்தவருள் 2.8. நிறுத்தியதனால் நன்மை எதுவும் காணப்படவில்லை. பல நாடுகளில் 152 நோயாளரிடம் நடந்த மற்றொரு சோதனையும் இதனையே உறுதிப்படுத்திற்று.

எனினும், தொடர்வது வேறு. புதிதாகத் தொடங்குவது வேறு. தொற்றினால் உயிருக்குப் போராடும் நிலையிலிருந்தவர்களுக்கு இம்மருந்துகளைப் புதிதாகக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வு 2023இல் வெளியாயிற்று. அதில் நன்மை காணப்படவில்லை. தீமையே நேர்ந்திருக்கலாம் எனத் தெரிந்தது. வழக்கமாக எடுப்பவருக்கு ஏற்ற மருந்து எல்லாருக்கும் ஏற்றதாகிவிடாது.

இரத்த அமுக்கம் ஓசையின்றி உயர்வது. குளிசையைத் தாமாகவே கைவிடுபவர் சில நாள்களுக்கு வேறுபாடொன்றும் உணரமாட்டார்; ஆனால் பக்கவாதமும் இதயத் தளர்ச்சியும் முன்னறிவிப்பின்றி வரக்கூடும். அதே வேளையில், காய்ச்சலுடன் வாந்தியோ வயிற்றோட்டமோ கண்டு, நீர் அருந்த இயலாமல் தலைசுற்றும்போது, சிறுநீரகத்தைக் காக்கும் பொருட்டு வைத்தியர் இம்மருந்தைச் சில நாள் நிறுத்தி வைப்பதும் உண்டு. அது நோயாளியை நேரிற் கண்டு, அமுக்கத்தை அளந்து செய்யப்படும் தீர்மானம்.

ஆகவே, காய்ச்சல் கண்ட நாளில் நோயாளி செய்ய வேண்டியது, குளிசைப் பெட்டியை ஒதுக்கி வைப்பதன்று. அதனைக் கையோடு எடுத்துச் சென்று வைத்தியரிடம் காட்டுவதே.