படத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள்



பத்து காஜா பக்கம் இருக்கும் கெல்லி மாளிகையைப் பேராக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஸ்காட்லாந்திலிருந்து வந்த ரப்பர் தோட்டத் துரை வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் தொடங்கிய கட்டடம். 1926இல் அவர் லிஸ்பனில் இறந்துபோக, வேலை முடியாமலே நின்றுவிட்டது. அங்கு உழைத்த நம் மக்களைக் கொள்ளை நோய் வாரிக்கொண்டு போனபோது, அவர்கள் கேட்டதற்காகத் துரை மாரியம்மனுக்குக் கோயில் கட்டிக் கொடுத்தார். அந்தக் கோயிலில் தெய்வ உருவங்களோடு வெள்ளை உடுப்பும் தொப்பியுமாக ஒருவர் நிற்கிறார். அவர்தான் துரை என்பார்கள்.

அந்தச் சிலையைப் படம் பிடித்து ஓர் அகப்பக்கத்தில் போட்டால் கண் தெரிந்தவர் பார்த்து ரசிப்பார். ஆனால், பால்மரம் சீவிய காலம் போய், இனிப்புநீரால் பார்வையிழந்து, ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கும் ஒரு பாட்டியை நினைத்துப் பாருங்கள். கைத்தொலைபேசியில் திரையை வாசித்துக் காட்டும் வசதியைப் பேரன் போட்டுக் கொடுத்திருக்கிறான். கட்டுரையைத் தமிழிலேயே கேட்கிறார். படம் வந்ததும் அது 'படம்' என்று மட்டும் சொல்லும்; இல்லையென்றால் கேமரா வைத்த எண்ணை ஒப்பிக்கும்.

இதற்குத்தான் மாற்று உரை. படத்துக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாமல் எழுதி வைக்கும் ஒரு வரி. எச்.டி.எம்.எல். மொழியில் 1995லேயே வந்துவிட்ட வசதி இது, காசு செலவில்லை. சிட்னி ஒலிம்பிக் அகப்பக்கத்தில் இது இல்லையென்று புரூஸ் மகுவாயர் என்ற பார்வையற்றவர் புகார் செய்து, 2000ஆம் ஆண்டில் வென்றார். ஏற்பாட்டாளர்கள் 20,000 ஆஸ்திரேலிய டாலர் இழப்பீடு கொடுக்க வேண்டி வந்தது. நம் நாட்டிலும் 2008ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் சட்டம், தகவல் பெறுவது அவர்களின் உரிமை என்கிறது.

எப்படி எழுதுவது? 'கோயில் படம்' என்றால் பாட்டிக்கு என்ன தெரியும்? 'மாரியம்மன் கோயிலில் தெய்வச் சிலைகளுக்கு நடுவே வெள்ளை உடுப்பு, தொப்பியுடன் ஒரு துரையின் சிலை' என்று எழுதலாம். தேடுபொறிக்கும் இந்த வரி உதவும். படம் எதைப் பற்றியது என்று அறிய கூகுள் மாற்று உரையையும் பார்க்கிறது. அதற்காக 'ஈப்போ கோயில், பேராக் கோயில்' என்று அடுக்கினால் கூகுளுக்கும் பிடிக்காது, கேட்பவருக்கும் எரிச்சல். வெறும் பூவேலைப் படமானால் அந்த இடத்தைக் காலியாக விட்டால் போதும்; வாசிப்பான் தாண்டிப் போய்விடும்.

திருவிழா அறிவிப்புகளில்தான் பெரிய தவறு நடக்கிறது. நாள், நேரம், அன்னதானம் எல்லாவற்றையும் அழகாகப் படமாக்கிப் போடுகிறார்கள். அதில் உள்ள ஓர் எழுத்துகூடப் பாட்டியின் காதுக்குப் போகாது.

படத்தைப் பார்த்துக் கணினியே விவரம் சொல்லும் காலம் இது என்பார்கள். உண்மைதான், 2016இலேயே ஃபேஸ்புக் தொடங்கிவிட்டது. ஆனால் பழைய தோட்டத்துப் படத்தைக் காட்டினால், அதில் நிற்பவர்கள் யார் என்று அதற்குத் தெரியுமா? அந்தத் தோட்டம் செம்பனையாகி, லயங்கள் இடிபட்டு எவ்வளவோ நாளாயிற்று.

பேரன் அதே படத்துக்கு, 'லயத்து வாசலில் ஆறு பேர், இடது ஓரத்தில் தலைப்பாகையோடு, கையில் குடையுடன் ஒருவர்' என்று எழுதி வைத்தால், கேட்ட மாத்திரத்தில் பாட்டி, "குடையா? அது எங்க கங்காணிடா, ஐயா" என்று பெயரைச் சொல்லிவிடக் கூடும். அந்தப் பெயரையும் சேர்த்து எழுதிவிடலாம்.