மக்காச்சோள ரொட்டி

தில்லியின் குளிர்காலத்தில் ஒருநாள், எதிர்வீட்டுப் பஞ்சாபி அம்மையாரைக் கடுகுக்கீரைக்கும் மக்காச்சோள ரொட்டிக்கும் ஞாயிறன்று அழைத்துவிட்டோம். வெள்ளியன்று, சமையற்குறிப்பு ஒன்றைப் பார்த்து, மாவைத் தண்ணீரில் பிசைந்து குழவியால் இட்டோம். ரொட்டிகள் விண்டு போயின. சனிக்கிழமையும் அதே கதி.

கோதுமை மாவை இழுபடச் செய்யும் குளூட்டன் என்னும் பொருள் மக்காச்சோளத்தில் இல்லை. அரிசியிலும் அஃது இல்லையே! கொழுக்கட்டைக்கு நம் அன்னையர் கொதிநீர் விட்டு மாவைக் கிளறுவது நினைவுக்கு வந்தது. வெந்நீர் பட்ட மாவு சற்றே வெந்து பசை பெறுகிறது.

ஞாயிறன்று வெந்நீரில் பிசைந்து, உள்ளங்கையால் தட்டினோம். ஓரம் சிறிது வெடித்தாலும் ரொட்டி முழுதாக வந்தது. அம்மையார் இன்னொன்று கேட்டு வாங்கி உண்டார். குறிப்பு சொல்லாமல் விட்டதை நம் அடுக்களை முன்னரே அறிந்திருந்தது.