பழையதும் புதியதும்



தளர்ந்துபோன மடிக்கணினியைப் பழுது பார்ப்பதா, புதிது வாங்குவதா என்னும் வினாவுக்கு நெய்வேலி மண்ணிலேயே விடை உண்டு. 1962-இல் முதல் அலகு இயங்கிய முதலாம் அனல்மின் நிலையம் மூப்பெய்தியபோது உடனே கைவிடப்படவில்லை. 1992-இல் ஒப்புதல் பெற்ற ஆயுள் நீட்டிப்புப் பணி 1999-இல் நிறைவுற்றது. நிலையம் மேலும் இருபதாண்டுகள் உழைத்தது. புதிய அனல்மின் நிலையத்தின் 500 மெகாவாட் முதல் அலகு 2019-இல் இயங்கத் தொடங்கிய பின்னரே, 2020-இல் பழையது ஓய்வு கொண்டது.

கணினிக்கும் இந்நெறியே பொருந்தும். சுழலும் வன்தட்டே தாமதத்துக்குக் காரணமாயின், எஸ்.எஸ்.டி. தட்டும் கூடுதல் நினைவகமும் அதற்கு மறுவாழ்வு தரும். தாய்ப்பலகையே பழுதுற்றால் புதியது வாங்குவதே பெரும்பாலும் சிக்கனம்.

எம்முடிவாயினும், முதற்கண் கவிதைகளைப் படியெடுத்து வைத்தல் வேண்டும். பழைய எழுத்துருக்களில் தட்டச்சிட்டவற்றை ஒருங்குறிக்கு மாற்றுதலும் வேண்டும். இன்றேல், அவ்வெழுத்துரு இல்லாத புதிய கணினியில் அவை பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அலகு தேய்ந்தால் வேறோர் அலகு நிறுவலாம்; படியின்றி அழிந்த கவிதைக்கு மாற்று இல்லை.