போர்டு இல்லாத பாறையும் ஸ்டீம் ஏபிஐயும்

இன்னைக்கு திற்பரப்புல இருந்து பேசுறேன். பின்னால கேக்குற இரைச்சல் மைக் கோளாறு இல்ல, கோதையாறு விழுற சத்தம்.

இந்த அருவியில எந்தப் பாறை வழுக்கும்னு உள்ளூர்க்காரங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு பாறைக்கும் போர்டு கிடையாது. வழுக்கினவங்க சொல்லித்தான் அடுத்தவங்களுக்குத் தெரியும். ஸ்டீம் கேமிங் தளத்தோட சில வெப் ஏபிஐகளும் அப்படித்தான்.

ஏபிஐங்கிறது ஒரு மென்பொருள் இன்னொண்ணுகிட்ட தகவல் கேக்குற வாசல். ஸ்டீமை நடத்துற வால்வ் நிறுவனம் சில வாசல்களுக்கு முறையா விளக்கம் எழுதியிருக்கு. ஆனா கடைப் பக்கத்தோட விவரங்களைத் தர்ற ‘ஆப் டீடெய்ல்ஸ்’ அதுல இல்ல. அதுக்கு ஒரு கேமோட எண்ணைக் கொடுத்தா போதும். டீம் ஃபோர்ட்ரஸ் 2-க்கு 440, டோட்டா 2-க்கு 570. பேரு, வெளியான தேதி எல்லாம் வரும். காசு கொடுத்து வாங்குற கேம்னா விலையும் வரும்.

இதை யாரு கண்டுபிடிச்சா? பிரவுசர்ல நெட்வொர்க் டேபைத் திறந்து, என்ன கேள்வி போகுது, என்ன பதில் வருதுன்னு உக்காந்து பாத்தவங்க. ஸ்டீம்டிபியை உருவாக்கினவங்கள்ல ஒருத்தரான எக்ஸ்பா, அதிகாரபூர்வ விளக்கத்துல இல்லாத மெத்தட்களையும் சேர்த்து, கிட்ஹப்ல எல்லாரும் பாக்குற மாதிரி பட்டியல் போட்டிருக்கார்.

பேரு மட்டும் தெரிஞ்சா போதாது. இந்திய விலை கேட்டா 49900-னு பதில் வரும். ஐம்பதாயிரமான்னு பதற வேண்டாம், அது பைசா கணக்கு, 499 ரூபாதான். இந்த ஒரு வரியை யாரோ எழுதி வச்சதால எத்தனையோ பேருக்கு ஒரு ராத்திரி மிச்சம்.

ஆனா விளக்கம் எழுதப்படாத வாசலுக்கு உத்தரவாதமும் கிடையாது. முன்னாடி ஆப் டீடெய்ல்ஸ்ல பல கேம்களோட முழு விவரத்தையும் ஒரே தடவையில கேக்கலாம். இப்ப அப்படிச் சேர்த்துக் கேட்டா விலை மட்டும்தான் கிடைக்கும்.

விளக்கம் இருக்குற வாசலும் நிரந்தரம் இல்ல. 2018 ஏப்ரல்ல, யாருகிட்ட என்னென்ன கேம் இருக்குங்கிற தகவலை ஸ்டீம் இயல்பாவே மறைச்சு வைக்க ஆரம்பிச்சது. பயனரோட தனியுரிமைக்கு அது நல்லதுதான். ஆனா அந்தத் தகவலை வச்சு விற்பனையைக் கணிச்ச ஸ்டீம்ஸ்பை ஒரே நாள்ல நின்னுபோற நிலைக்கு வந்துடுச்சு. அப்புறம் வேற கணக்குமுறையோட திரும்பி வந்தது.

அதனால நீங்க ஒரு வாசலைக் கண்டுபிடிச்சா நாலு விஷயம் எழுதுங்க: என்ன கேட்டீங்க, என்ன வந்தது, எது வேலை செய்யல, எந்தத் தேதியில பாத்தீங்க. தேதி முக்கியம் மக்கா. போன வருஷம் காஞ்சு கிடந்த பாறை இந்த வருஷம் வழுக்கலாம். மாதிரி பதிலை ஒட்டும்போது உங்க ஏபிஐ கீயையும் சேர்த்து ஒட்டிடாதீங்க. சர்வரைப் போட்டுக் குடையவும் வேண்டாம். ஸ்டீம் வெப் ஏபிஐ விதிப்படியே ஒரு நாளைக்கு 1,00,000 அழைப்புதான்.

நமக்கு வழுக்கின இடத்தை அடுத்தவனுக்குச் சொல்லிட்டுப் போவோம். அடுத்த எபிசோட்ல பாப்போம்.