ஐந்து வரியில் ஒரு கடிதம்

(நாக்பூர் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தெளிவாக எழுதுவது பற்றிப் பேசும்படி நம் செயலாளர் பணித்தார். 34 வருஷம் மத்திய சர்க்கார் ஆபீஸில் டிராஃப்ட் எழுதியவன் ஆயிற்றே என்று நினைத்திருப்பார். என் தகுதி வேறு. நான் எழுதிய ஒரு கடிதத்தால் என் அக்காவுக்கு எட்டு மாதம் பணம் வராமல் நின்றது.

அத்திம்பேர் ரயில்வேயில் இருந்தவர். அவர் காலமான பின் அக்காவுக்குக் குடும்ப ஓய்வூதியம் வருகிறது. 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதலாக உண்டு. 85-ல் 30, 90-ல் 40, 95-ல் 50, நூறு வயதில் 100 சதவீதம். அக்காவுக்கு 2017-ல் 80 நிறைந்தது. கூடுதல் தொகை வரவில்லை. ஓய்வூதிய ஆணையான பி.பி.ஓ.வில் அவள் பிறந்த தேதியே இல்லை.

அக்கா பெயரில் வங்கிக்கு இரண்டு பக்கம் எழுதினேன். அத்திம்பேரின் நெடுநாள் சேவை, முதியோரை நாடு நடத்தும் விதம், கவுண்டரில் முகம் கொடுத்துப் பேசாதது, எல்லாம் இருந்தன. என் ஆங்கிலத்தை நானே மெச்சிக்கொண்டேன். பதில் இல்லை. இரண்டு நினைவூட்டல் போட்டேன். அவையும் அதே ரகம்.

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் அக்கா. ஒருநாள், "என்ன எழுதியிருக்கேன்னு தமிழ்ல சொல்லுடா" என்றாள். சொன்னேன். "எல்லாம் சரி, எனக்கு என்ன வேணும்னு எங்கேடா இருக்கு?" என்று கேட்டாள். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாராவில் இருந்தது. பி.பி.ஓ. எண் எங்கேயுமே இல்லை!

வெட்கமாகிவிட்டது. அன்றிரவே ஐந்து வரியில் வேறு எழுதினேன். பி.பி.ஓ.வில் பிறந்த தேதியைச் சேர்க்கவேண்டும், 80 நிறைந்த மாதம் முதல் கூடுதல் ஓய்வூதியமும் நிலுவையும் தரவேண்டும், பிறந்த தேதி இது, பி.பி.ஓ. எண், கணக்கு எண் இவை, இணைப்பு, பி.பி.ஓ. நகலும் பான் கார்டு நகலும். வங்கி அதை ரயில்வே அலுவலகத்துக்கு அனுப்பியது. இரண்டு மாதத்தில் நிலுவையோடு பணம் வந்தது.

அதிலிருந்து நான் கைக்கொள்ளும் வழக்கங்கள் இவை:

1. என்ன வேண்டும் என்பது முதல் வரியில்.
2. ஒரு கடிதத்துக்கு ஒரே விஷயம். குறை சொல்வதானால் அதற்குத் தனிக் கடிதம்.
3. எண், தேதி, தொகை ஆகியவற்றை மூலத்தைப் பார்த்தே எழுதுவது.
4. இணைப்புகளை எண்ணிட்டுக் குறிப்பிடுவது. கொடுத்ததற்குத் தேதியோடு ஒப்புதல் வாங்குவது.
5. கோபத்தில் எழுதினால் ஓர் இரவு வைத்திருந்து, காலையில் ஆத்தில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுவது. அவர் "அதாவது?" என்று கேட்கும் இடத்தைத் திருத்துவது.

ஐந்தாவதுதான் கஷ்டம். நீளமாக எழுத வைத்தது விஷயம் அல்ல, என் அகங்காரம். படிப்பவரின் மேஜையில் அன்று இன்னும் நூறு காகிதம் இருக்கும் என்று நினைத்தாலே பாதி வரிகள் தானாகக் கழன்றுவிடும். இப்போது பேசும்போதும் இதைப் பழகப் பார்க்கிறேன். ஆத்துக்காரி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை!

ஒரு வேண்டுகோள். ஆத்துக்குப் போனதும் உங்கள் பி.பி.ஓ.வை எடுத்து, மனைவி அல்லது கணவரின் பிறந்த தேதி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளைக்கே எழுதுங்கள். ஐந்து வரி போதும்.