மண்ணிற் பொருளிடும் படிமுறை



பொருள் கையிற் சேர்ந்தவுடன் மண்ணை நாடுதல் நம்மவர் வழக்கம். அது நன்றே. ஆயின் குடியிருக்கும் வீட்டை ஈடுவைத்தும், பெண்மக்களின் நகையை விற்றும், ஒரே நாளிற் பெருநிலக்காரராக விழைவோரும் நம்முள் உளர். அவர்பொருட்டே இப்பொருள்பற்றிப் பேச முன்வந்தோம்.

மனைமுதலீட்டிற்கு நான்கு படிகள் உண்டு. முதலாவது, தாம் வாழும் வீட்டின் ஒரு பகுதியை வாடகைக்கு விடுதல். இதில் இழப்பு சிறிது. குடிவருவோர் குணமறிதல், பழுதுபார்த்தல், கணக்கெழுதுதல் ஆகிய பயிற்சியோ பெரிது. தமிழ்நாட்டில் 2019 முதல் நடைமுறையிலுள்ள வாடகைச் சட்டப்படி உடன்படிக்கையை எழுத்தில் வரைந்து பதிவுசெய்தல் வேண்டும்.

இரண்டாவது, வாடகைக்கென்றே வீடு வாங்குதல். ஈண்டு ஒரு கணக்குப் பார்ப்போம். 60 லட்சம் ரூபாய் வீடு மாதம் 15,000 ரூபாய் வாடகை தருமாயின் ஆண்டு வருவாய் 1,80,000; அஃதாவது நூற்றுக்கு 3. விலையில் 45 லட்சத்தை நூற்றுக்கு 9 வட்டிக்குக் கடன்கொண்டால், முதலாண்டு வட்டி மட்டுமே ஏறத்தாழ 4 லட்சம். குறையும் தொகையைச் சம்பளமே தாங்கல் வேண்டும். விலையேற்றம் ஒருநாள் ஈடுசெய்யலாம். தவணையோ அந்நாள்வரை காத்திராது. ஆதலின் ஓராண்டுத் தவணைப் பணத்தைத் தனியே ஒதுக்கிய பின்னரே இதில் இறங்குக.

மூன்றாவது, கடை. வாடகை மிகுதி, ஆயின் வணிகர் காலிசெய்தால் பல திங்கள் பூட்டிக்கிடத்தலும் உண்டு.

நான்காவது, நிலம் வாங்கி மனைகளாகப் பிரித்தோ அடுக்குமாடி கட்டியோ விற்றல். விற்றாலன்றி ஒரு காசும் வாராது. மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனைப்பிரிவு ஒப்புதல் அனைத்தையும் ஆராய்தல் இன்றியமையாதது. 2016ஆம் ஆண்டின் மனைத்தொழிற் சட்டம், தன்கீழ்ப் பதிவான திட்டங்களில், வாங்குவோர் செலுத்திய தொகையில் நூற்றுக்கு 70 பங்கைத் தனிக் கணக்கில் வைத்து அத்திட்டத்திற்கே செலவிடப் பணிக்கின்றது. ஒன்றின் பணத்தை மற்றொன்றிற்கு உருட்டி வாழலாம் என எண்ணுவோர் இதனை நினைவிற் கொள்க.

ஒவ்வொரு படிக்கும் வேண்டும் அறிவு வேறு. நிற்கும் படி தன் செலவைத் தானே தாங்கிய பின்னரே அடுத்ததற்குக் காலெடுத்தல் முறை. குடியிருக்கும் வீட்டை எந்தப் படிக்கும் பணயமாக்கலாகாது. அது மனைவிமக்களின் நிழல். வாழ்நாள் முழுதும் முதற்படியிலேயே நின்றாரும் தோற்றவரல்லர்.

நம் சங்கத்தில் பத்திரம் ஆராய வல்ல வழக்கறிஞர் உளர். முன்பணம் கொடுக்குமுன் அவர்பாற் காட்டுக. பின்னர்க் காட்டுதலாற் பயனில்லை.