குன்றின் மேல் ஒரு வீடு

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், கண்டுணர்வு பயணம் பற்றி எங்கள் குழு சார்பில் பேசியது)



போன மாதம் எங்கள் குழு கொடைக்கானல் போய் வந்தது உங்களுக்குத் தெரியும். பூங்கா பார்த்தோம், ஏரியைச் சுற்றி நடந்தோம். அந்த ஏரி தானாக வந்ததில்லையாம். 1863-ல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவின்ஜ் துரை கரை கட்டித் தண்ணீரைத் தேக்கி உண்டாக்கினாராம். ஆனால் இன்றைக்கு நாங்கள் சொல்ல வந்தது வேறு ஒரு இடத்தைப் பற்றி.

ஏரிக்கு மேலே ஒரு குன்றில் கோஹினூர் என்று ஒரு பங்களா இருக்கிறது. ஷேக் அப்துல்லா மாளிகை என்றும் சொல்கிறார்கள். வெளியே நின்றுதான் பார்த்தோம். கீழே ஏரி, சுற்றிலும் மரம், சிலுசிலுன்னு காத்து. "இப்படி ஒரு வீட்டுல இருந்தவர் கொடுத்து வச்சவர்தான்" என்று பேசிக்கொண்டோம். பிறகுதான் விவரம் தெரிந்தது. அவர் அங்கே காவலில் வைக்கப்பட்டிருந்தவர்!

ஷேக் அப்துல்லா காஷ்மீரத் தலைவர். 1948 முதல் 1953 வரை அங்கே பிரதமராக இருந்தவர். அவர் ஆட்சியில் 1950-ல் வந்த நிலச் சட்டம், ஒருவர் ஏறத்தாழ 23 ஏக்கருக்கு மேல் வைத்திருந்த நிலத்தை எடுத்து, உழுதவர்களுக்கே கொடுத்தது. அதற்கும் முன்னால், 1944-ல் அவர் கட்சி வெளியிட்ட 'புதிய காஷ்மீர்' திட்டத்தில் பெண்களுக்குச் சம உரிமை என்று தனியாக ஒரு பகுதியே இருந்தது.

1953-ல் அவரைப் பதவி நீக்கிக் கைது செய்தார்கள். பல வருஷம் சிறை. 1965-ல் ஹஜ் பயணம் போனவர், வழியில் சீனப் பிரதமரைச் சந்தித்தார். சீனப் போர் முடிந்து மூன்று வருஷம்கூட ஆகாத நேரம். ஊர் திரும்பியதும் மறுபடியும் கைது. முதலில் ஊட்டி, பிறகு இந்தக் கொடைக்கானல். வழக்கு விசாரணை எதுவும் இல்லை. 1968 ஜனவரியில்தான் முழு விடுதலை. 1975-ல் முதலமைச்சரானார், 1982-ல் காலமானார். அவர் மனைவி அக்பர் ஜஹான் அம்மையார் 1977-லும் 1984-லும் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

அவர் செய்தது சரியா, அரசாங்கம் செய்தது சரியா என்று பேச நாங்கள் வரவில்லை. அங்கே நின்றபோது எங்கள் குழுவில் மூத்த அக்கா சொன்னதைத்தான் சொல்ல வந்தோம்:

"வீடு நல்லாத்தான் இருக்கு, ஏரியும் தெரியுது. ஆனா நெனச்சா போக முடியாதுன்னா, அதுவும் ஜெயிலுதானே."

யாரும் பேசவில்லை. எல்லாருக்கும் வராத இரண்டு பேர் ஞாபகம் வந்துவிட்டது. இருவரும் தவறாமல் சந்தா கட்டியவர்கள். பயணத்துக்குப் பணமும் கட்டிவிட்டார்கள். கிளம்புகிற அன்று காலையில் வீட்டில் விடவில்லை. "அவங்க குடும்ப விஷயம், நமக்கென்ன" என்று நாங்களும் வேன் ஏறிவிட்டோம். தப்பு எங்கள் மேலும் இருக்கிறது.

திரும்பி வந்ததும் குழுக் கூட்டம் போட்டுத் தீர்மான நோட்டில் எழுதினோம். அடுத்த பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே ஊக்குநரும் பிரதிநிதிகளும் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ப் பேசுவது. பிள்ளைகளையும் வயசானவர்களையும் பார்த்துக்கொள்ள, பயணம் வராத உறுப்பினர்கள் முறை வைத்துக்கொள்வது. ஒருவரை விடவில்லை என்றால், அந்த வீட்டுக்குக் குழுவே சேர்ந்து போய் இன்னொரு தடவை கேட்பது.

அந்த இரண்டு வீட்டுக்கும் போனோம். ஒரு வீட்டில் சரி என்றார்கள். இன்னொரு வீட்டில் இன்னும் பதில் இல்லை. மறுபடியும் போவோம்.

உங்கள் குழுவிலும் வீட்டில் விடாததால் வராமல் நின்றவர்கள் யார் யார் என்று இன்றைக்கே பெயர் எழுதுங்கள். அடுத்த தடவை அவர்களுக்கு முதல் இடம் கொடுங்கள்.